மெதுவா சொல்லிக்கலாம்

1

கல்கத்தா என்ன வெளிநாடா, அங்கே உட்கார்ந்துகொண்டு என்ன புலம்பல் வேண்டிக் கிடக்கிறது என்று ஊரில் இருக்கிற நீங்கள் கேட்கலாம். பாஸ்போர்ட் வேண்டாம்தான். ஆனால் ஹவுராவில் மெட்ராஸ் வண்டி ஏறி, எழும்பூரில் இன்னொரு வண்டி மாறி மாயவரம் போய்ச் சேருவதற்குள் ஊரில் செத்தவர்கள் சாம்பலாகிவிடுவார்கள். என்னைக் கேட்டால் வெளிநாட்டுக்கு அதுதான் இலக்கணம்.

போன வாரம் என் வீட்டுக்காரரை நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ரத்தக் குழாயில் அடைப்பு, பைபாஸ் பண்ணியாக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். இவர் என் பக்கம் திரும்பிச் சொன்னார்.

"சுபாகிட்ட இப்போ ஒண்ணும் சொல்லாதே. இப்பத்தான் புது வேலையில சேர்ந்திருக்கா. விசா வேற இழுத்துண்டு கிடக்கு. தனியா இருக்கற பொண்ணு, பதறிப் போயிடுவா. எல்லாம் முடியட்டும், மெதுவா சொல்லிக்கலாம்."

சுபா எங்கள் ஒரே பெண். அமெரிக்காவில் ஒஹையோவில் இருக்கிறாள். இவர் சொன்னதில் தப்பென்ன என்று நர்ஸ் பெண்ணைக் கேட்டால் அவளும் நியாயம்தான் என்பாள். ஆனால் "மெதுவா சொல்லிக்கலாம்" என்ற அந்த ஒரு வார்த்தை காதில் விழுந்ததும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே வார்த்தையைச் சொல்லித்தான் என் அம்மாவின் சாவை என்னிடமிருந்து ஒளித்து வைத்தார்கள். நோயாளியிடம் கோபித்துக்கொள்ளக் கூடாது என்று ஃப்ளாஸ்க்கை எடுத்துக்கொண்டு காப்பி வாங்கக் கீழே போனேன்.

2

அப்போது நாங்கள் லேக் கார்டன்ஸில் ஒரு வீட்டு மாடியில் குடியிருந்தோம். இவருக்கு கார்டன் ரீச்சில் ரயில்வே ஆபீஸ். கீழே வீட்டுச் சொந்தக்காரி மஞ்சு பௌதி. பௌதி என்றால் அண்ணன் மனைவி, நம் மன்னிதான். ஜெயா என்கிற என் பெயர் அவள் வாயில் 'ஜொயா' ஆகிவிடும். முதலில் யாரையோ கூப்பிடுகிறாள் என்று நினைத்து நான் திரும்பாமலே போய்க்கொண்டிருந்தேன். அப்புறம் அந்த ஜொயாவும் நான்தான் என்று பழகிவிட்டது.

டெலிபோனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தோம். ஆபீஸுக்குப் போய்க் கேட்டால், உங்கள் தெருவில் கேபிள் இல்லை என்பார்கள். அடுத்த தடவை, கேபிள் வந்துவிட்டது, ஆள் இல்லை என்பார்கள். அதுவரைக்கும் பௌதி வீட்டு போன்தான் எங்கள் போன். மாயவரத்தில் அண்ணாவிடம் அந்த நம்பர்தான் இருந்தது. எங்களுக்குக் கூப்பிட்டால் பௌதி மாடிப்படிக்குக் கீழே நின்று "ஜொயா, போன்!" என்று ஒரு குரல் கொடுப்பாள். அடுப்பை அணைத்துவிட்டு ஓடுவேன்.

சுபா அப்போது ஏழாவது வகுப்பு. பள்ளிக்கூடம் விட்டால் பௌதி வீட்டு டிவி முன்னால்தான் கிடப்பாள். அந்த வருஷத்திலிருந்துதான் அவள் என்னோடு தமிழில் பேசுவதை விட்டாள். நான் தமிழில் கேட்பேன், அவள் பெங்காலியில் பதில் சொல்வாள். "வாயில என்ன கொழுக்கட்டையா? தமிழ்ல சொல்லுடி" என்று கத்தியிருக்கிறேன். கத்தக் கத்தக் கீழ் வீட்டுக்கு இறங்கிப் போய்விடுவாள். ஊருக்கு வரும்போதெல்லாம் உங்களில் எத்தனை பேரிடம் நான் அழுதிருக்கிறேன், கல்கத்தா என் பெண்ணை முழுங்கிவிட்டது என்று. "வடக்கே போனா அப்படித்தாண்டி" என்று நீங்களும் தலையாட்டினீர்கள்.

3

அந்த மார்கழியில் வீடு கல்யாணக் களையோடு இருந்தது. இவருடைய தங்கை விஜயாவுக்குத் தை மாதம் கல்கத்தாவிலேயே முகூர்த்தம் வைத்திருந்தோம். இவருக்கு அப்பா அம்மா இல்லை. கன்னிகாதானம் பண்ணிக்கொடுக்க வேண்டியவர்கள் நாங்கள் இரண்டு பேரும்தான். பந்தல்காரன், சமையல்காரர், சீர் பட்சணம் என்று நான் பம்பரமாய்ச் சுற்றிக்கொண்டிருந்தேன். அம்மா கல்யாணத்துக்கு வருவதாக இருந்தது. முறுக்குச் சுற்றுவதை அவளுக்கென்று நிறுத்தி வைத்திருந்தேன். என் கை முறுக்கு நடுவில் உடையும், அம்மாவுடையது உடையாது.

"அம்மாகிட்டேருந்து கார்டே காணுமே, டிக்கெட் எடுத்தாச்சான்னு தெரியலையே" என்று இவரிடம் கேட்டேன்.

"இங்க தினம் ஒரு பந்த். தபால் எங்கேர்ந்து வரும்?" என்றார்.

பந்த் நடந்தது உண்மைதான். அதனால் நம்பினேன்.

பொங்கலுக்கு முதல் நாள் ஒரு புடவையைக் கொண்டுவந்து கொடுத்தார். "உங்கண்ணா ஆபீஸ்ல ஒருத்தர் இந்தப் பக்கம் வந்தாராம். என் ஆபீஸுக்கே வந்து கொடுத்துட்டுப் போனார். உங்கம்மா அனுப்பின பொங்கச் சீர்." மாம்பழ வண்ணம், அரக்கு பார்டர். எனக்குப் பிடித்த சேர்க்கை. பிரித்து மடியில் போட்டுக்கொண்டு முந்தானை மூலையைப் பார்த்தேன். அம்மா புதுத்துணி எதுவானாலும் மூலையில் மஞ்சள் தடவாமல் கொடுக்க மாட்டாள். இதில் மஞ்சள் இல்லை. அம்மாவுக்கு மறதி வந்துவிட்டது, வயசாகிவிட்டது, பாவம் என்று நினைத்துக்கொண்டேன். நானே கொஞ்சம் மஞ்சளைக் குழைத்துத் தடவினேன்.

பொங்கலன்று பௌதி வீட்டிலிருந்து எப்போதும் பிட்டே வரும். அரிசி மாவும் தேங்காய்ப்பூரணமும் வெல்லமும் வைத்து அவர்கள் சங்கராந்திக்குப் பண்ணுகிற பலகாரம். அந்த வருஷம் பிட்டே வரவில்லை. ஒரு தட்டில் பழம் மட்டும் வந்தது. அதற்கும் நான் ஒன்றும் நினைக்கவில்லை. சுபா வேறு படுத்தி எடுத்தாள். புதுப் பாவாடை உடுத்த மாட்டேன் என்றாள். சர்க்கரைப் பொங்கலைத் தொடவே இல்லை. "நல்ல நாளும் அதுவுமா மூஞ்சியத் தூக்கி வச்சுண்டு நிக்கறதைப் பாரு, தரித்திரம்" என்று முதுகில் ஒன்று வைத்தேன். இவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

4

மறுநாள் கணு. ஊரில் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கூடப்பிறந்தவன் நன்றாக இருக்க வேண்டும் என்று பெண்கள் காக்காய்க்கும் குருவிக்கும் சோறு வைக்கிற நாள். லேக் மார்க்கெட்டில் மஞ்சள் இலை கிடைக்கும். அம்மா அனுப்பினதாகச் சொன்ன புடவையைக் கட்டிக்கொண்டு, இலையையும் மஞ்சள் சாதம், சிவப்புச் சாதம், தயிர் சாதம், கரும்புத் துண்டு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனேன். பனி இன்னும் விலகவில்லை. கோலம் போட்டு, இலையை விரித்து, பிடி பிடியாக வைத்தேன். கல்கத்தாக் காக்காய்க்கு மீன் இருந்தால்தான் அவசரம். சாதத்துக்கு மெதுவாகத்தான் வரும். "காக்காப்பிடி வச்சேன், கணுப்பிடி வச்சேன், எங்கண்ணா நன்னா இருக்கணும், ஆயுசோட இருக்கணும்" என்று வாய்விட்டுச் சொன்னேன்.

பின்னால் துணி உலர்த்த வந்த மஞ்சு பௌதி நின்றுகொண்டிருந்தாள். ஈரத்துணி வாளியைக் கீழே வைத்தாள். கிட்டே வந்து என் தோளில் கை வைத்தாள். அவள் கண்ணில் தண்ணீர்.

"மாயேர் ஷ்ராத்தோ கொர்ச்சோ, ஜொயா?" என்றாள்.

அம்மாவுக்குச் சிராத்தம் பண்ணுகிறாயா என்று கேட்கிறாள். காக்காய்க்குச் சோற்று உருண்டை வைத்தால் அவர்களுக்கு அது பிண்டம்தான். இவளுக்கு நம் பண்டிகை தெரியவில்லை என்று எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே, இல்லை பௌதி, இது அண்ணன்களுக்காக, அம்மா மாயவரத்தில் நன்றாக இருக்கிறாள் என்று என் உடைந்த பெங்காலியில் சொன்னேன்.

பௌதி கையை எடுத்துவிட்டாள். என்னையும் அந்தப் புதுப் புடவையையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தண்ணீர்த் தொட்டிக் கட்டையில் அப்படியே உட்கார்ந்து முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

மெல்ல மெல்லத்தான் அவளிடமிருந்து வந்தது. மார்கழி பாதியில் ஒரு நாள் மாயவரத்திலிருந்து போன் வந்ததாம். இவர் கீழே வந்து பேசினாராம். என்ன என்று பௌதி கேட்டதற்கு, மாமியார் தவறிவிட்டார், ஜெயாவிடம் இதைப் பற்றி யாரும் பேச வேண்டாம், பேசினால் அவளுக்குத் தாங்காது என்றாராம். "உனக்குத் தெரியும்னு நினைச்சேன். எங்கள்ல கல்யாணமான பொண்ணு நாலாம் நாள் அம்மாவுக்குத் தனியாச் செய்வா. நீ ஒண்ணும் பண்ணலையே, உங்க வழக்கம் அப்படிப் போலிருக்குன்னு நினைச்சேன். இன்னிக்குச் சாதம் வைக்கறதைப் பார்த்ததும், அப்பாடா, பண்றாளேன்னு வந்தேன்" என்று பெங்காலியில் சொல்லிச் சொல்லி அழுதாள்.

காக்காய்கள் அப்போதுதான் வந்தன. மஞ்சள் சாதத்தைத்தான் முதலில் கொத்தின.

5

கீழே இறங்கினேன். இவர் ஷேவ் பண்ணிக்கொண்டிருந்தார்.

"எங்கம்மா எங்கே?" என்றேன்.

கண்ணாடியிலேயே என்னைப் பார்த்தார். பாதி முகத்தில் சோப்பு நுரை. அவர் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா?

"யார் சொன்னா?"

அழுகை கூட அப்போது வரவில்லை. பிறகு சமாதானம் சொல்ல ஆரம்பித்தார். "சொன்னா மட்டும் முகம் பார்க்க முடியுமா? அன்னிக்கு ராத்திரியே எடுத்துட்டா, நீ ஹவுராவே தாண்டியிருக்க மாட்டே. உங்கண்ணாதான் சொன்னார், கல்யாணத்தை வச்சுண்டு இப்ப எதுக்கு, மெதுவா சொல்லிக்கலாம்னு. அப்பா இல்லாத பொண்ணுக்குப் பண்ற கல்யாணம், ஜெயா. நீ அழுதுண்டு மாயவரத்துல உக்காந்துண்டா விஜயா கதி என்ன? தீட்டைப் பத்தியும் சாஸ்திரிகள்கிட்ட கேட்டுட்டேன். பத்து நாள் தாண்டிக் கேட்டா ஒரு முழுக்குப் போட்டாப் போறுமாம்."

கேட்டு வைத்திருக்கிறார்! என் அம்மா செத்து எத்தனை நாள் தாண்டினால் எனக்கு ஒரு முழுக்கோடு போகும் என்று சாஸ்திரிகளிடம் விசாரித்து, அந்த நாள் தாண்டும்வரை என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். என்னைப் பெற்றவளுக்கு நான் கொடுக்க வேண்டியது ஒரு பக்கெட் தண்ணீர். புடவை? அது கரியாஹாட் கடையில் இவரே வாங்கினது. "நீ ஏங்கிப் போயிடக் கூடாதேன்னுதான்" என்றார்.

பௌதி வீட்டிலிருந்து அண்ணாவைக் கூப்பிட்டேன். அம்மா தூக்கத்திலேயே போய்விட்டாள் என்றான். நல்ல சாவு என்றான்.

"எனக்கு ஏண்ணா சொல்லலை?"

"மாப்பிள்ளைகிட்ட அன்னிக்கே சொல்லியாச்சே. உனக்குச் சொல்றது அவர் பொறுப்பு. நீ வந்துதான் என்ன பண்ணப் போறே?"

"முகம் பார்த்திருக்க முடியாது, சரி. வாய்க்கரிசி போட்டிருக்க முடியாது, சரி. பத்துக்கு வந்திருப்பேனே! எல்லாரும் கட்டிண்டு அழறப்போ நானும் ஒருத்தியா அழுதிருப்பேனே!"

"இங்கயே அழலாமே" என்றான் அண்ணா. வேண்டுமென்று சொல்லவில்லை. என்ன சொல்வதென்று தெரியாமல் சொன்னான். ஆனாலும் சொன்னான். அவனுக்கு ஆயுசு கேட்டு வைத்த சாதம் மொட்டை மாடியில் இன்னும் மிச்சமிருந்தது.

மூன்று நாள் நான் கீழ் வீட்டில்தான் இருந்தேன். பௌதி வீட்டில் மீன் சமைக்கவில்லை. என் தலையில் எண்ணெய் வைக்கவில்லை, சீப்பு வைக்கவில்லை. நாலாம் நாள் அவர்கள் புரோகிதரை வைத்து, அவர்கள் வழக்கப்படி, அம்மாவின் பெயரைச் சொல்லி எள்ளும் தண்ணீரும் விட்டேன். நம் சாஸ்திரத்தில் இதற்கு இடமுண்டா என்று கேட்காதீர்கள். நம் சாஸ்திரம் தெரிந்தவர்கள்தான் எனக்கு ஒரு முழுக்கு ஒதுக்கினார்கள்.

அப்புறம் எங்கள் மாடிக்குத் திரும்பிக் கல்யாணத்தை நடத்தினேன். விஜயா மேல் எனக்கு என்ன கோபம், அந்தப் பெண்ணுக்கும் ஒன்றும் தெரியாது. தாரை வார்க்கும்போது அடக்க மாட்டாமல் அழுதேன். நாத்தனாரிடம் எவ்வளவு பிரியம் பாரு என்று சம்பந்தி வீட்டார் மெச்சிக்கொண்டார்கள். முறுக்கைச் சமையல்காரர் சுற்றினார்.

6

ஊரில் ஒருவர் போய்விட்டால் என்னென்ன செய்ய வேண்டும் என்று உங்களுக்கு அத்துப்படி. டாக்டரைக் கூப்பிடுவீர்கள், வாத்தியாரைக் கூப்பிடுவீர்கள், ஐஸுக்கு ஆள் விடுவீர்கள். யார் யாருக்குச் சொல்லவேண்டும் என்று ஒருவர் உட்கார்ந்து விரல் மடக்குவார். அந்த விரல் எங்களிடம் வரும்போது யாராவது ஒருவர், "அவ பாவம், தூரத்துல இருக்கா, மெதுவா சொல்லிக்கலாம்" என்பார். மற்றவர்கள் தலையாட்டுவீர்கள். எல்லாம் கருணைதான். அந்தக் கருணையில் தீ வைக்க.

எங்களுக்கு வர முடியாதது எங்களுக்கே தெரியும். வண்டி கிடைக்காது, லீவு கிடைக்காது, ரயில்வே பாஸ் எழுதி வாங்க ஒரு கையெழுத்துக்காரர் சீட்டில் இருக்க மாட்டார். வர முடியாமல் இங்கே தரையில் விழுந்து அழுகிற பாத்தியதை இருக்கிறது பாருங்கள், அதையாவது விட்டு வையுங்கள். அம்மாவின் திதி அண்ணாவுக்கு மார்கழியில் வருகிறது. என் கணக்கில் அம்மா செத்தது கணுவன்று காலையில், மொட்டை மாடியில், பௌதி தொட்டிக் கட்டையில் உட்கார்ந்தபோது. அதற்குப் பிறகு நான் கணுப்பிடி வைத்ததில்லை. அண்ணா நன்றாகத்தான் இருக்கிறான். போனில் பேசுகிறோம். மன்னி ஊறுகாய் அனுப்புகிறாள். வெட்டிக்கொள்ளவும் இல்லை, ஒட்டவும் இல்லை.

இவரோடு குடித்தனம் நடத்தினேன். நடத்தாமல் எங்கே போக? ஆனால் அன்றிலிருந்து இவர் ஆபீஸிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது முகத்தைப் பார்ப்பேன். இன்றைக்கு எதை ஒளித்துக்கொண்டு வந்திருக்கிறாரோ என்று பார்ப்பேன். பாதி நாள் ஒன்றும் இருக்காது. அந்த மனுஷனுக்கும் அது தெரியும்.

7

காப்பி வாங்கப் போன இடத்திலிருந்தே சுபாவுக்குப் போன் பண்ணினேன். இப்போது செல்போன் இருக்கிறது. யார் வீட்டு மாடிப்படிக்கும் ஓட வேண்டியதில்லை. அங்கே அவளுக்கு விடியவில்லை. பதறி எடுத்தாள். அப்பாவுக்கு ஆபரேஷன், சொல்ல வேண்டாம் என்றார், நான் சொல்கிறேன் என்றேன். உனக்கு வர முடியுமோ முடியாதோ, அது உன் சமாசாரம். தெரியாமல் இருக்கக் கூடாது என்றேன்.

அந்தப் பக்கம் அழுதுகொண்டிருந்தாள்.

"வரேம்மா. இன்னிக்கே டிக்கெட் பாக்கறேன்" என்றாள். தமிழில் சொன்னாள். பிறகு, "மா, நான் ஒண்ணு சொல்லணும். பாட்டி செத்தப்போ வந்த போன், அதை நான்தான் எடுத்தேன்" என்றாள்.

நான் காப்பிக் கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

"பௌதி கிச்சன்ல இருந்தா, நீ கடைக்குப் போயிருந்தே. நான் டிவி பாத்துண்டிருந்தேன். மாமா அழுதுண்டே, பாட்டி போயிட்டாடி கண்ணு, அப்பாவைக் கூப்பிடுன்னு சொன்னார். அப்பா பேசிட்டு என்னைத் தனியா கூட்டிண்டு போயி, சாமி மேல சத்தியம் வாங்கிண்டார். அம்மாவுக்குத் தெரிஞ்சா அத்தை கல்யாணம் நின்னுடும், உன்னாலதான் நின்னதுன்னு ஆயிடும்னார். எனக்கு ரொம்ப பயமா இருந்தது, மா. உன்கிட்ட தமிழ்ல பேசினா வாய் தவறி வந்துடும்னு பயம். தமிழ்ல பேசினாலே பாட்டி ஞாபகம்தான் வரும். பாங்ளால பாட்டி கிடையாது. அதனால பாங்ளாலயே பேசினேன். அப்புறம் உனக்குத் தெரிஞ்சுடுத்து. ஆனா எனக்கும் தெரியும்னு எப்படிச் சொல்றது? நீ அப்பாவைப் பாத்த மாதிரி என்னையும் பாத்துடுவியோன்னு சொல்லவே இல்லை."

காப்பி ஆறிவிட்டது. அதையே எடுத்துக்கொண்டு வார்டுக்குப் போனேன்.

"சுபா வரா" என்றேன்.

"சொல்லிட்டியா? அவ்வளவு தூரம் சொன்னேனே" என்று கோபித்துக்கொண்டார்.

"ஏழாங்கிளாஸ் குழந்தைகிட்ட சாமி மேல சத்தியம் வாங்கினேளா?"

நாடி பார்க்கிற மெஷின் பக்கத்தில் அதன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. இவர் கண்ணை மூடிக்கொண்டார். அன்றைக்குப் பாதி முகத்தில் நுரையோடு கேட்டாரே, அதே கேள்வியைக் கேட்டார்.

"யார் சொன்னா?"

"இத்தனை வருஷம் யார் சொல்லலைன்னு கேளுங்கோ" என்றேன்.

காப்பியை டம்ளரில் ஊற்றி, அவர் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தேன். ஆபரேஷன் முடியட்டும், பிழைத்து வரட்டும், வீட்டுக்கு வந்த பிறகு என் பாக்கியைக் கேட்கிறேன். இவருக்கு இனி எதையும் மெதுவாகச் சொல்வதாக இல்லை.

நான் திட்டி அடித்த அந்தப் பொங்கலன்று, புதுசு உடுத்தாமல், சர்க்கரைப் பொங்கலைத் தொடாமல், என் அம்மாவுக்கு அந்த வீட்டில் துக்கம் காத்தவள் சுபா ஒருத்திதான். கல்கத்தா என் பெண்ணை முழுங்கவில்லை. நான் உங்களிடம் சொன்னது தப்பு, திருத்திக்கொள்ளுங்கள். சனிக்கிழமை வந்து இறங்குகிறாள். ஏர்போர்ட்டுக்கு நான் போகிறேன். தமிழோ பெங்காலியோ, எந்தப் பாஷையில் வேண்டுமானாலும் பேசட்டும். என்னோடு பேசட்டும்.